இரத்த அழுத்த மாத்திரையும் ஆஸ்பிரினும் எடுப்பவர் மூட்டு வலிக்கு எந்த மாத்திரையை எடுத்துக்கொள்ளலாம்?

கேள்வி: வைகைக்கரை (மதுரை)

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 68, எடை 50 கிலோவுக்குச் சற்று மேல். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைக்கப்பட்டது. அன்றிலிருந்து ஆஸ்பிரின் 75 மி.கி., கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் ஆகிய இரண்டையும் இதய மருத்துவர் சொன்னபடி எடுத்து வருகிறார். இரத்த அழுத்தத்துக்குக் குடும்ப மருத்துவர் எழுதிக் கொடுத்த, டெல்மிசார்டன் 40 மி.கி.யும் ஹைட்ரோகுளோரோதையசைடு 12.5 மி.கி.யும் சேர்ந்த ஒரே மாத்திரையைக் காலையில் உட்கொள்கிறார். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் வழியாக வீட்டுக்கே வந்துவிடுகிறது.

அவருக்கு இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம் உண்டு. வலி கூடும் நாள்களில் தெருமுனை மருந்துக்கடையில் கேட்டு, அசிக்ளோஃபெனாக் 100 மி.கி.யும் பாராசிட்டமால் 325 மி.கி.யும் சேர்ந்த மாத்திரையைக் காலையும் இரவும் போட்டுக்கொள்கிறார். அதனுடன் கடைக்காரரே ஒரு கேஸ் மாத்திரையும் கொடுத்துவிடுவதால் வயிற்றுக்கு ஒன்றும் ஆகாது என்று அம்மா உறுதியாக நம்புகிறார். காய்ச்சலோ உடம்பு வலியோ வந்தால் டோலோ 650-யும் சேர்ந்துகொள்ளும். அண்மைக்காலமாகக் கணுக்காலில் வீக்கம் தெரிகிறது. கட்டுக்குள் இருந்த இரத்த அழுத்தமும் 150-க்கு மேல் காட்டுகிறது.

இவற்றையெல்லாம் ஒன்றாக எடுப்பது சரியா? இரண்டு மணி நேரம் இடைவெளி விட்டால் போதும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார்; அது உண்மையா? மாத்திரைக்குப் பதிலாக வலிக் களிம்பு பூசலாமா? விவரம் அறிந்தவர்கள் தயவுசெய்து விளக்க வேண்டும்.

மறுமொழி 1: மருந்தாளுநர், திருநெல்வேலி

சகோதரிக்கு வணக்கம். உங்கள் அம்மாவின் மருந்துகளை நீங்கள் பெயரோடும் அளவோடும் எழுதியிருப்பதால்தான் இதற்குத் திட்டவட்டமாகப் பதில் சொல்ல முடிகிறது. பெரும்பாலானோர் 'பிரஷர் மாத்திரை ஒன்று, வெள்ளை மாத்திரை ஒன்று' என்றுதான் கடையில் வந்து சொல்கிறார்கள்.

அந்த மூட்டு வலி மாத்திரையை இனி மருத்துவரிடம் கேட்காமல் கொடுக்க வேண்டாம். ஆஸ்பிரின் 75-ஐ மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டு, வலி மாத்திரையைத் தொடர்ந்து ஆஸ்பிரினை விட்டுவிட்ட நோயாளிகளை நான் பார்த்திருக்கிறேன். ஸ்டென்ட் உள்ளவருக்கு அது மிகவும் ஆபத்தானது.

வலி மாத்திரைகளைப் பொதுவாக இரண்டு குடும்பங்களாகப் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். பாராசிட்டமால் தனி. இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், நாப்ராக்சென், மெஃபனமிக் அமிலம், நிமுசுலைடு, எட்டோரிகாக்சிப் ஆகியவை ஸ்டீராய்டு அல்லாத அழற்சி நீக்கிகள் என்னும் மற்றொரு குடும்பம். உங்கள் அம்மாவின் மற்ற மருந்துகளோடு மோதுவது இந்த இரண்டாவது குடும்பம்தான். நம் கடைகளில் விற்கும் பல மாத்திரைகளில் இரு குடும்பமும் ஒரே வில்லையில் இருப்பதால், எதைச் சாப்பிடுகிறோம் என்பதே தெரியாமல் போகிறது. காம்பிஃப்ளாம் என்பது இபுப்ரோஃபென் 400 மி.கி.யும் பாராசிட்டமால் 325 மி.கி.யும் சேர்ந்தது. சாரிடானில் பாராசிட்டமாலும் புரொப்பிஃபெனசோன் என்னும் இன்னொரு வலி நீக்கியும் காஃபீனும் இருக்கின்றன. சளிக்காக வாங்கும் மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் உண்டு. அவற்றில் மூக்கடைப்பைப் போக்கச் சேர்க்கும் ஃபினைல்எஃப்ரின் இரத்த அழுத்தத்தையும் ஏற்றக்கூடியது.

இதனால் வரும் முதல் தொல்லை கணக்கில்தான். மூட்டு வலி மாத்திரை இரண்டு வேளை என்றால் பாராசிட்டமால் 650 மி.கி. காய்ச்சலுக்கு டோலோ 650 மூன்று வேளை என்றால் 1,950 மி.கி. இடையில் பாராசிட்டமால் 500 மி.கி. உள்ள சளி மாத்திரை இரண்டு வேளை என்றால் இன்னும் 1,000 மி.கி. மொத்தம் 3,600 மி.கி. ஆகிவிட்டது, ஆனால் வீட்டில் யாரும் 'அதிகமாகக் கொடுத்தோம்' என்று நினைத்திருக்க மாட்டார்கள். நலமாக இருக்கும் பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்ச வரம்பே 4,000 மி.கி. தான். முதியவர்கள், எடை குறைந்தவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், தொடர்ந்து மது அருந்துபவர்கள் ஆகியோருக்கு 2,000 முதல் 3,000 மி.கி.க்குள் நிறுத்திக்கொள்ளவே மருத்துவர்கள் சொல்வார்கள். வரம்பு மீறினால் பாராசிட்டமால் உடைந்து உருவாகும் ஒரு நச்சுப் பொருளைக் கல்லீரலால் செயலிழக்கச் செய்ய முடியாமல் போகிறது. இதில் அஞ்ச வேண்டியது என்னவென்றால், முதல் நாள் வெறும் குமட்டல் மட்டுமே இருக்கலாம், அல்லது அதுவும் இல்லாமல் இருக்கலாம். கல்லீரல் பாதிப்பு வெளியே தெரிய இரண்டு மூன்று நாள்கள் ஆகும். அளவு கூடிவிட்டது என்று தெரிந்தால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அதற்கான மாற்று மருந்தாகிய அசிட்டைல்சிஸ்டீன் முதல் 8 மணி நேரத்துக்குள் கொடுக்கப்பட்டால் மிக நன்றாக வேலை செய்யும்.

இடைவெளி பற்றிக் கேட்டிருந்தீர்கள். இரு மாத்திரைகள் வயிற்றுக்குள் சந்தித்துச் சண்டையிடுகின்றன என்ற எண்ணத்தில்தான் அந்த யோசனை பிறக்கிறது. இவற்றின் மோதல் சிறுநீரகத்திலும் இரத்தத் தட்டணுக்களிலும் இரைப்பைச் சுவரிலும் நடப்பது. அங்கே மருந்தின் விளைவு பல மணி நேரம் நீடிக்கும். எனவே இரண்டு மணி நேர இடைவெளியால் பயனில்லை.

இடைவெளிக்கு உண்மையாகவே பொருள் உள்ள ஓர் இணையையும் சொல்லிவிடுகிறேன். இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் சென்று பற்ற வேண்டிய இடத்தைத் தட்டணுவில் முன்கூட்டியே அடைத்துக்கொள்வதால், இதயத்தைக் காக்கும் ஆஸ்பிரினின் வேலை கெட்டுவிடுகிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2006இல் இதைப் பற்றி எச்சரித்து, சாதாரண ஆஸ்பிரினை எடுத்துக் குறைந்தது 30 நிமிடம் கழித்தோ, அல்லது ஆஸ்பிரினுக்கு 8 மணி நேரத்துக்கு முன்னரோதான் இபுப்ரோஃபென் 400 மி.கி. எடுக்க வேண்டும் என்று கூறியது. ஆனால் நம் ஊரில் இதய நோயாளிகளுக்குத் தரப்படும் ஆஸ்பிரின் பெரும்பாலும் குடலில் கரையும் பூச்சுள்ளது. அதற்கு இந்தக் கணக்கைப் பொருத்த முடியாது. ஆகவே கடிகாரத்தைப் பார்த்துச் சமாளிப்பதைவிட, இபுப்ரோஃபெனைத் தவிர்ப்பதே நல்லது.

என் தொழிலைச் சேர்ந்தவர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. அசிக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக் போன்றவை மருத்துவரின் சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டிய எச் அட்டவணை மருந்துகள். அட்டையின் ஓரத்தில் உள்ள சிவப்புக் கோடு அதைத்தான் சொல்கிறது. அட்டையை வெட்டி, பெயரே தெரியாதபடி இரண்டு மூன்று மாத்திரைகளைக் காகித உறையில் போட்டுக் கொடுக்கும் பழக்கம் இன்னும் பல கடைகளில் இருக்கிறது. வாங்குபவர், 'வேறு என்ன மருந்து சாப்பிடுகிறேன் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள், பெயர் உள்ள பக்கத்தோடு வெட்டிக் கொடுங்கள்' என்று கேட்பதில் எந்தத் தவறும் இல்லை.

மறுமொழி 2: பொது மருத்துவர், தஞ்சாவூர்

மருந்தாளுநர் கூறியவை சரியானவை. வீக்கத்தையும் ஏறிய இரத்த அழுத்தத்தையும் பற்றி நான் எழுதுகிறேன். உங்கள் கேள்வியில் என்னை உடனே பதில் எழுத வைத்தது அந்த ஒரு வரிதான்.

சிறுநீரகத்தின் வடிகட்டிகளுக்குள் இரத்தம் போதிய அழுத்தத்தோடு வர வேண்டும். உள்ளே வரும் நுண்குழாயை விரித்து வைத்திருப்பவை, உடலே உருவாக்கும் புரோஸ்டாகிளாண்டின்கள் என்னும் வேதிப்பொருள்கள். அழற்சி நீக்கி வலியைக் குறைப்பதே அவற்றின் உற்பத்தியைத் தடுத்துத்தான், ஆகவே அந்தக் குழாய் சுருங்குகிறது. டெல்மிசார்டன் வெளியேறும் நுண்குழாயை விரிக்கிறது. ஹைட்ரோகுளோரோதையசைடு சிறுநீரைப் பெருக்கி, உடலில் ஓடும் நீரின் அளவையே குறைக்கிறது. ஆற்றில் நீர்வரத்துக் குறைந்த நேரத்தில் ஏரிக்கு நீர் வரும் மடையைச் சுருக்கிவிட்டு, வெளியேறும் மடையை அகலத் திறந்து வைத்தால் ஏரியின் மட்டம் என்ன ஆகுமோ, அதுவே வடிகட்டியின் அழுத்தத்துக்கும் ஆகிறது. டெல்மிசார்டனும் நீர்ப்பெருக்கியும் மருத்துவர் கண்காணிப்பில் பாதுகாப்பானவை, அவசியமானவையும்கூட. மூன்றாவதாக அழற்சி நீக்கி வந்து சேரும்போதுதான் சிறுநீரகம் தன்னைத் தற்காத்துக்கொள்ளும் எல்லா வழிகளும் ஒரே நேரத்தில் அடைபடுகின்றன.

இது ஏட்டில் மட்டும் உள்ள அச்சம் அன்று. பிரிட்டனில் இரத்த அழுத்த மருந்து எடுத்துக்கொண்ட ஏறத்தாழ 4,87,000 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வில், இந்த மூன்றையும் சேர்த்து எடுத்தவர்களுக்குத் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு 31 சதவீதம் கூடுதலாகக் காணப்பட்டது. சேர்த்து எடுக்கத் தொடங்கிய முதல் 30 நாள்களில் அந்தக் கூடுதல் 82 சதவீதமாக இருந்தது. அதாவது 'கொஞ்ச நாள்தானே' என்ற சமாதானம் இங்கே பொருந்தாது. கோடை வெயிலில் வியர்த்துக் களைத்த நாளிலும், வாந்தி வயிற்றுப்போக்கு உள்ள நாளிலும் ஆபத்து இன்னும் கூடும். சிறுநீரகம் தளர்ந்தால் மெட்ஃபார்மின் உடலில் தேங்கும் என்பதையும், டெல்மிசார்டனோடு சேர்ந்து பொட்டாசியம் ஏறும் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அழற்சி நீக்கிகள் உப்பையும் நீரையும் உடலில் தேக்குவதால் கணுக்கால் வீங்கலாம். இரத்த அழுத்த மருந்துகளின் வேலையும் மந்தப்படும். இது தெரியாமல், ஏறிய அழுத்தத்துக்காக இன்னொரு மாத்திரை எழுதப்படுவதும், அந்த மாத்திரையால் வேறொரு தொல்லை வருவதும் நடக்கின்றன. அதே வேளையில், ஸ்டென்ட் வைத்தவருக்கு வரும் கால் வீக்கம் இதயத் தளர்ச்சியாலும் இருக்கலாம். ஆகவே இந்த வாரத்துக்குள் மருத்துவரிடம் அழைத்துச் சென்று, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், பொட்டாசியம், சிறுநீரில் ஆல்புமின் ஆகிய சோதனைகளைப் பாருங்கள். இதயப் பரிசோதனை தேவையா என்பதையும் கேளுங்கள். மூச்சு வாங்குதல், நெஞ்சு அழுத்தம், சிறுநீர் வெகுவாகக் குறைதல், தார் போலக் கறுத்த மலம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் வாரம் வரை காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.

இதயத்தைப் பற்றியும் ஒரு சொல். ஐரோப்பிய மருந்து முகமை 2013இல், ஏற்கெனவே இதயக் குழாய் நோய் உள்ளவர்கள் டைக்ளோஃபெனாக் எடுக்கக் கூடாது என்று அறிவுறுத்தியது. அசிக்ளோஃபெனாக் அதற்கு நெருங்கிய உறவு. அதையும் நான் அப்படியே கருதுகிறேன். டென்மார்க்கில் மாரடைப்புக்குப் பின் ஆஸ்பிரின் போன்ற, இரத்தம் உறையாமைக்கான மருந்து எடுத்தவர்களைப் பற்றி 2015இல் வெளியான ஆய்வில், அழற்சி நீக்கியும் சேர்ந்தபோது இரத்தக்கசிவு ஏறத்தாழ இரு மடங்காகியிருந்தது. குறுகிய காலம் எடுத்தவர்களுக்கும் ஆபத்து கூடியிருந்தது.

கேஸ் மாத்திரை பற்றி அம்மாவுக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். பான்டோபிரசோல் போன்றவை இரைப்பைப் புண்ணைக் குறைக்கின்றன என்பது உண்மை. ஆனால் சிறுநீரகத்தையோ இதயத்தையோ சிறுகுடலின் கீழ்ப்பகுதியையோ அவை காப்பதில்லை.

அப்படியானால் வலிக்கு என்னதான் வழி? முதலில் பாராசிட்டமால் 500 மி.கி., குறைந்தது 6 மணி நேர இடைவெளியில், நாளுக்கு 2,000 மி.கி.யைத் தாண்டாமல், அதுவும் வலி உள்ள நாள்களில் மட்டும். முழங்கால் தேய்மானத்துக்கு இதன் பலன் சிறிதே என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதைவிட டைக்ளோஃபெனாக் களிம்பு பலருக்கு நன்றாக வேலை செய்கிறது. முழங்காலில் பூசும்போது இரத்தத்தில் சேரும் மருந்து, மாத்திரையால் சேர்வதில் ஏறத்தாழ 6 சதவீதம்தான். இருந்தாலும் உங்கள் அம்மாவுக்குச் சிறுநீரகச் சோதனை முடிவைப் பார்த்த பிறகு தொடங்குவதே முறை. களிம்பு பூசிய இடத்தில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கக் கூடாது, கட்டுப் போடக் கூடாது, அதோடு அழற்சி நீக்கி மாத்திரையும் சேர்க்கக் கூடாது. தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியை இயன்முறை மருத்துவரிடம் ஒரு முறை நேரில் கற்றுக்கொண்டால், நாற்காலியில் அமர்ந்தபடியே வீட்டில் செய்யலாம். மருந்தைவிட இதில் எனக்கு நம்பிக்கை அதிகம்.

மழைக்காலக் காய்ச்சலுக்கு ஓர் எச்சரிக்கை. டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை பாராசிட்டமாலைத் தவிர வேறு எந்த வலி மாத்திரையும் தரக் கூடாது. தட்டணுக்கள் குறையும் நோயில் இரத்தக்கசிவை அவை தூண்டிவிடும். ஆஸ்பிரின் 75 எடுப்பவருக்கு டெங்கு என்றால் அதைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதை மருத்துவர் தட்டணு எண்ணிக்கையைப் பார்த்து முடிவு செய்வார்.

வைகைக்கரை

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. குடும்ப மருத்துவரிடம் நாளை மறுநாளுக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். இன்னொன்றும் கேட்க வேண்டும். மாத்திரையை நிறுத்தச் சொன்னதும், பக்கத்து வீட்டார் பரிந்துரைத்த மூட்டு வலிப் பொடி ஒன்றை வாங்கித் தரும்படி அம்மா கேட்கிறார். மூலிகை என்பதால் பயமில்லை என்கிறார். தரலாமா?

மறுமொழி 3: மருந்தாளுநர், திருநெல்வேலி

பதிவு பெற்ற சித்த மருத்துவர் நோயாளியைப் பார்த்து, உட்பொருள்களும் உரிம எண்ணும் அச்சிட்ட மருந்தைத் தந்தால், அதையும் மருந்துப் பட்டியலில் சேர்த்து இதய மருத்துவரிடம் காட்டுங்கள். இரு தரப்பும் அறிந்திருப்பதே பாதுகாப்பு. அரசு மருத்துவமனைகளிலேயே சித்தப் பிரிவு இருப்பதால் அங்கே கேட்பதும் எளிது. ஆனால் பெயரோ முகவரியோ இல்லாத பொட்டலத்தை வாங்காதீர்கள். 'ஒரே நாளில் வலி போய்விடும்' என்று விற்கப்படும் பொடிகளில் ஸ்டீராய்டும் டைக்ளோஃபெனாக்கும் கலந்திருந்தது இந்தியாவில் பல முறை கண்டறியப்பட்டுள்ளது. நீங்கள் நிறுத்திய அதே மருந்து வேறு உருவில் வீட்டுக்குள் வரக்கூடும். ஸ்டீராய்டு இருந்தால் சர்க்கரையும் ஏறும்.

எந்த மருந்தாலாவது ஒவ்வாமையோ பக்கவிளைவோ ஏற்பட்டால், இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் பொதுமக்களே தெரிவிக்கலாம்.

மறுமொழி 4: கொங்குநாட்டான் (கோவை)

ஐயா, இந்த இழையிலேயே கேட்பதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். என் தந்தைக்குச் செயற்கை இதய வால்வு பொருத்தியிருப்பதால், இரத்தம் உறைவதைத் தடுக்கும் அசெனோகூமரால் எடுக்கிறார், இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். சோதனையை மாதந்தோறும் பார்க்கிறோம். அவருக்கும் வலி மாத்திரை கூடாது என்பது தெரியும். பாராசிட்டமால் எவ்வளவு நாள் கொடுத்தாலும் பாதுகாப்பானதுதானா? இடுப்பு வலிக்கு ஊட்டியில் வாங்கிய விண்டர்கிரீன் தைலத்தை இரு வேளையும் தேய்த்துக்கொள்கிறார். அது வெளிப்பூச்சுதானே?

மறுமொழி 5: பொது மருத்துவர், தஞ்சாவூர்

கேட்டது நல்லதாயிற்று. இடையிடையே ஓரிரு மாத்திரை பாராசிட்டமால் எடுப்பதால் தொல்லை இல்லை. ஆனால் நாளுக்கு 2,000 மி.கி. அளவில் சில நாள்கள் தொடர்ந்தால் ஐ.என்.ஆர். ஏறக்கூடும், அதாவது இரத்தம் கசியும் ஆபத்து கூடும். அப்படித் தொடர வேண்டிய நிலை வந்தால் மாதச் சோதனைக்குக் காத்திருக்காமல், தொடங்கிய ஒரு வாரத்துக்குள் ஒரு முறை ஐ.என்.ஆர். பார்த்துவிடுங்கள்.

தைலத்தை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். விண்டர்கிரீன் தைலம் ஏறக்குறைய முழுவதும் மீத்தைல் சாலிசிலேட்; ஆஸ்பிரினின் இனத்தைச் சேர்ந்த பொருள். அகலமான இடத்தில், நாள்தோறும், சூடு பறக்கத் தேய்க்கும்போது அது தோல் வழியே இரத்தத்தில் கலக்கிறது. உறைதல் தடுப்பு மருந்து எடுப்பவர்களுக்கு இவ்வாறு ஐ.என்.ஆர். ஏறி இரத்தம் கசிந்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. வீட்டில் உள்ள மற்ற வலித் தைலங்களின் உறையிலும் இந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஈறில் இரத்தம், காரணமின்றித் தோலில் நீலத் தழும்பு, சிவந்த சிறுநீர் ஆகியவற்றில் எதுவும் இல்லாவிட்டாலும், இவ்வளவு நாள் பூசியிருப்பதால் நாளையே ஐ.என்.ஆர். பாருங்கள். தைலத்தை நிறுத்திய பிறகு ஐ.என்.ஆர். இறங்கவும் கூடும், வால்வு உள்ளவருக்கு அதுவும் ஆபத்து. எனவே அடுத்த வாரமும் ஒரு முறை பார்த்து, இரண்டு அளவுகளையும் அவருடைய இதய மருத்துவரிடம் தெரிவியுங்கள். அசெனோகூமரால் அளவை நீங்களாக மாற்ற வேண்டாம்.